கையேட்டின் ஒன்பதாம் பக்கம்: ஒரு திருத்தம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதிய ஒரு பொய்யிலிருந்து வந்தது. பெரிய பொய் இல்லை, ஒரே ஒரு வாக்கியம். அச்சில் இரண்டரை வரி வரும். எழுதிய அன்று அது பொய் என்று எனக்குத் தெரியாது. நல்ல வாக்கியம் என்று மட்டும்தான் தெரியும். மனைவியைக் கூப்பிட்டு வாசித்துக்கூடக் காட்டினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டு, "நல்லாருக்கு" என்றாள்.

நான் செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியர். வருடத்துக்கு இரண்டு மூன்று கதைகள் எழுதுவேன். சில பத்திரிகைகளில் ஓவியம், சிற்பம் பற்றியும் எழுதியிருக்கிறேன். அதனால் என்னை விஷயம் தெரிந்தவன் என்று சிலர் நினைக்கிறார்கள்.

இதன் தொடக்கத்தை மூன்று முறை எழுதிப் பார்த்தேன். முதல் முறை இப்படி வந்தது:

'மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்கு மரங்களின் இரைச்சலுக்கு நடுவே, கடல் தன் எலும்புகளைக் காட்சிக்கு வைத்திருந்தது.'

(அடித்துவிட்டேன். கடலுக்கு எலும்பு ஏது. இந்த மாதிரி எழுதித்தான் மாட்டிக்கொண்டேன்.)

இரண்டாம் முறை: 'ரெபேக்காள் குழாயடியில் கைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது நான்'

(இங்கேயே நிறுத்திவிட்டேன். அவளைப் பற்றிய முதல் வாக்கியம் அவள் கையிலிருந்து தொடங்கக் கூடாது என்று தோன்றியது.)

மூன்றாவது தொடக்கம் நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது. இனிமேல் நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். நடுநடுவே அடைப்புக்குறிக்குள் நான் வந்து போவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

போன வருடம் பொங்கல் முடிந்த வாரம் ஸ்வாதி போன் செய்தாள். மென்பொருள் வேலையை விட்டுவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் சவுக்குத் தோப்புக்குள் ஒரு பழைய வீட்டை எடுத்துக் கலைக்கூடம் நடத்துகிற பெண். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும்.

"சார், பிரபாவதி மேடத்தோட ஷோ பண்றோம். செராமிக் சிற்பங்கள், மொத்தம் இருபத்தோரு பீஸ். 'கரை ஒதுங்கியவை'ன்னு பேரு. கேட்டலாக் நீங்கதான் எழுதணும். கட்டுரை மாதிரி வேணாம், உங்க கதை மாதிரி இருக்கணும்."

கதை மாதிரி இருக்கணும் என்றாள். அப்படியே இருந்தது.

பிரபாவதிக்கு அறுபது வயது. நாமக்கல் பக்கத்துக்காரர். கணவர் தாமோதரன் கல்பாக்கத்தில் விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்றவர். அரசுக் குடியிருப்பைக் காலி செய்த பிறகு புதுப்பட்டினத்திலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். பின்கட்டில் பட்டறை, ஒரு மின்சூளை. நாற்பது வயதுக்கு மேல் களிமண்ணைத் தொட்ட பிரபாவதி, கடலோரத்தில் கிடக்கிற உருவங்களையே செய்துகொண்டிருந்தார். கடல் பஞ்சு, குடை மாதிரி விரியும் சொறி மீன், படகின் அடியில் அப்பிக்கொள்ளும் சிப்பிக் கூட்டம், உதிர்ந்து பாதி அழுகிய தாழம்பழம். பளபளப்பு இல்லாத, உப்பு படிந்த மாதிரி நிறங்கள். சென்னையிலும் பெங்களூரிலும் அவர் பெயரைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பேசியதெல்லாம் தாமோதரன்தான். பிரபாவதி நாற்காலியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாசி வெயில். எதற்குச் சால்வை என்று நான் யோசிக்கவில்லை. ஏதாவது கேட்டால் புன்னகைத்தார், ஓரிரு வார்த்தை மெதுவாகச் சொன்னார். அடக்கமானவர் என்று குறித்துக்கொண்டேன். ஒரு பெண் டீ கொண்டுவந்து கொடுத்தாள்.*

(* அந்தக் குறிப்பேட்டை இப்போது எடுத்துப் பார்த்தேன். 'இஞ்சி டீ, பிரமாதம்' என்று இருக்கிறது. கொடுத்தது யார் என்று இல்லை.)

பட்டறையில் காயப் போட்டிருந்த ஒரு சிற்பத்தின் முன்னால் நின்றுவிட்டேன். நான்கு பலகைகளைச் சேர்த்து ஒரு சாப்பாட்டு மேஜை அகலத்துக்கு வைத்திருந்தார்கள். நடுவில் விரல் நுழைகிற அளவு ஒரு துளை. அதைச் சுற்றி, கதிர் பிரிகிற மாதிரி வரிசை வரிசையாக, ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன உருண்டைகள். அலை வடிந்த ஈர மணலில் சிறு நண்டுகள் உருட்டிப் போடுமே, அவை. ஒவ்வோர் உருண்டையிலும் ஒரு பக்கம் மட்டும் லேசாக நசுங்கியிருந்தது. பெருவிரல் தடம். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவன், தாமோதரன் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தேன். அது மட்டும் உண்மை.

வீட்டுக்கு வந்து கையேட்டை எழுதினேன். ஒன்பதாம் பக்கத்தில் அந்த வாக்கியம் வருகிறது:

'தினமும் விடியலில் அலை வடிந்த ஈர மணலில் குனிந்து, நண்டுகள் எழுதிவிட்டுப் போன எழுத்துகளைப் படித்து, அவற்றைத் தன் பெருவிரலால் மண்ணில் படி எடுத்த கைகள் பிரபாவதியின் கைகள்.'

பிரபாவதி தினமும் கடற்கரைக்குப் போகிறார் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாக அனுப்பிவைத்தேன்.

3

காட்சி தொடங்க ஐந்து நாள் இருக்கும்போது, அச்சான கையேட்டின் முதல் பிரதிகளோடு ஸ்வாதி புதுப்பட்டினம் போனாள். என்னையும் கூப்பிட்டாள். சிற்பங்களை வைக்கோலும் தெர்மாகோலும் வைத்துப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஏற்றுகிறவர் ஒருவர் திரும்பும்போது முழங்கை பட்டு, அந்த நண்டுப் பலகையின் ஓரத்தில் ஏழெட்டு உருண்டைகள் பெயர்ந்து விழுந்தன.

ஸ்வாதியின் முகம் வெளுத்துவிட்டது. பிரபாவதி நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். எழ முடியவில்லை. சால்வை நழுவியது. மடியில் இருந்த இரண்டு கைகளும் ஆடிக்கொண்டிருந்தன. குளிரில் நடுங்குவது போல இல்லை. யாரோ பிடித்து உலுக்குவது போல.

டீ கொடுத்த பெண் வந்தாள். ஈரத் துணியை விலக்கி ஒரு பிடி மண் எடுத்தாள். "இன்னிக்கு உருட்டிப் போட்டா நாளைக்குக் காஞ்சிடும், நாளான்னிக்கு சுட்டு ஒட்டிடலாம். ஒண்ணும் ஆவாது, வுடுங்க" என்று ஸ்வாதியிடம் சொல்லிக்கொண்டே உருட்டினாள். கையைப் பார்க்கவே இல்லை. விரல்கள் உருட்டின, பெருவிரல் ஒரு பக்கம் அழுத்தியது, உருண்டை பலகையில் விழுந்தது. அடுத்தது. அடுத்தது.

உடைந்ததையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நசுங்கல் ஒரே இடத்தில், ஒரே சாய்வில் இருந்தது. பார்த்துச் செய்தால் அப்படி வராது.

அவள் கைகழுவக் குழாயடிக்குப் போனாள். பின்னால் போனேன்.

"உங்க பேரு?"

"ரெபேக்காள்."

"இதெல்லாம் நீங்க செஞ்சதாம்மா?"

அவள் தண்ணீரை நிறுத்தவில்லை. "அம்மாக்குக் கை ஆட ஆரம்பிச்சு மூணு வருசம் ஆவுது சார். அதுலேர்ந்து எல்லாமே நான்தான். மொதல்ல அம்மா சொல்லும், நான் செய்வேன். அப்பால சொல்றதும் கொறைஞ்சு போச்சு. வாய் குளறுது இல்ல."

"இந்த நண்டு?"

"அது நானே. எங்க வூட்டுக்காரரு ஆட்டோல மாமல்லபுரம் சவாரி போவசொல்ல நானும் ஒருநாள் கூடப் போனேன். கரையில நிறைய கெடந்துச்சு. போன்ல போட்டோ புடிச்சாந்தேன். செஞ்சு காட்டினதும் அம்மா அழுதுச்சு. நல்லா இல்லியோன்னு பயந்துட்டேன். நல்லாருக்குன்னுதான் அழுதுச்சாம்."

"அடியில பிரபாவதி கையெழுத்து இருக்கே."

"அதுவும் நான்தான் போட்டேன். ஆணியால. அம்மா போட்டா கிறுக்கினாப்ல ஆயிடுது."

இதை அவள் புகாராகச் சொல்லவில்லை. வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று சொல்வது போலச் சொன்னாள். வாயலூர்ப் பக்கம் காலனியில் வீடு. பத்தாவது வரை படிப்பு. அம்மா அப்பா கடைசி வரை அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அவள் பாத்திரம் கழுவத்தான் இந்த வீட்டுக்கு வந்தாள். மண் பிசைய ஆள் வராத ஒருநாள் அவளைப் பிசையச் சொன்னார்கள். அதற்கப்புறம் பதினோரு வருடம்.

4

(இந்தப் பகுதியில் தாமோதரன் வருகிறார். முதல் படியில் இவரை வில்லனாக எழுதியிருந்தேன். தங்கப் பித்தான் வைத்த சட்டை, மிரட்டுகிற பேச்சு. அவரிடம் அப்படி ஒரு சட்டையே கிடையாது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.)

பேருந்து நிறுத்தம் வரை தாமோதரன் கூடவே நடந்து வந்தார். நான் பார்த்ததை அவர் பார்த்திருந்தார்.

"பார்க்கின்சன். டாக்டர் இன்னும் ரெண்டு வருஷம் நல்லாருக்கும்னார். அது முடிஞ்சுபோச்சு" என்றார். "அவ ராத்திரி தூங்கறதில்ல. நான் யாருக்கும் வேண்டாதவளாயிட்டேன்னு சொல்லிட்டே இருக்கா. இந்த ஷோன்னு ஒண்ணு வந்த பிறகுதான் காலைல எழுந்து தலை வாரிக்கறா."

"ரெபேக்காள் பேரையும் சேர்த்துப் போட்டிருக்கலாமே சார்."

"போடலாம். அப்புறம் என்ன ஆகும்? எது யார் பண்ணினதுன்னு கேப்பாங்க. எல்லாம் அந்தப் பொண்ணு பண்ணினதுன்னு தெரிஞ்சா, அதுக்கு முன்னாடி பதினஞ்சு வருஷம் இவ பண்ணினதையும் சந்தேகப்படுவாங்க. இது அவளோட கடைசி ஷோ. அதுக்கப்புறம் நானே ரெபேக்காளுக்கு ஒரு வழி பண்றேன். என் பொறுப்பு."

பேருந்து வந்துகொண்டிருந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வயதான மனிதர் ஒருவர் நடுரோட்டில் கையைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்? நான் தலையாட்டினேன். பேருந்தில் உட்கார்ந்த பிறகு, ஐந்நூறு பிரதிகளும் அச்சாகிவிட்டன, இனி மாற்றவும் முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அந்த வாக்கியத்தை எடுக்க வேண்டியிருக்காது என்பதில் எனக்கு ஒரு சின்ன நிம்மதி இருந்தது. இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிட்டேன்.

5

திறப்பு விழா சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. தோப்பு முழுக்கக் கார்கள். கடல் காற்றுக்குச் சவுக்குகள் இரைந்துகொண்டே இருந்தன. உள்ளே ஒவ்வொரு சிற்பத்துக்கும் மேலே தனித்தனி விளக்கு. நண்டுப் பலகையைத் தரையோடு தரையாக, மணல் பரப்பி அதன் மேல் வைத்திருந்தார்கள். குனிந்துதான் பார்க்க வேண்டும். வந்தவர்கள் எல்லாரும் குனிந்தார்கள்.

ரெபேக்காள் நீலப் பட்டுச் சேலை கட்டி, பிரபாவதியின் சக்கர நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவள் கணவர் கிருபாகரன் வாசலில் ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்மணி கையேட்டைத் திறந்து என் வாக்கியத்தைத் தன் தோழிக்கு உரக்கப் படித்துக் காட்டினார். ரெபேக்காளுக்கு அது கேட்டது. அவள் பிரபாவதியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பி ஒரு கடல் பஞ்சை ஆராய்ந்தேன்.

பேச்சுகள் முடிந்து, கடைசியில் மைக்கைப் பிரபாவதியின் வாயருகே பிடித்தார்கள். இரண்டு வார்த்தை நன்றி சொல்வார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தோம். அவர் ஆடுகிற கையால் பின்னால் துழாவி ரெபேக்காளின் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

"இதெல்லாம் நான் செய்யல" என்றார். குரல் காற்று மாதிரி வந்தது, ஆனால் மைக்கில் தெளிவாகக் கேட்டது. "இவ செஞ்சது. ரெபேக்காள். இவ செஞ்சது."

தாமோதரன் கண்களை மூடிக்கொண்டார்.

ஸ்வாதி மைக்கை வாங்கினாள். அவள் கண் கலங்கியிருந்தது. "இதுதான் பிரபாவதி மேடம்" என்றாள். "தன் வீட்டில வேலை செய்யறவங்களைக்கூட இப்படி மேடையேத்தி, என்னோடது எல்லாமே உன்னோடதுன்னு சொல்ற மனசு யாருக்கு வரும்."

கைதட்டல் எழுந்தது. ஒருவர் எழுந்து நின்றார், பிறகு எல்லாரும் எழுந்து நின்றார்கள். பிரபாவதி தலையை இடமும் வலமும் ஆட்டி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வாய் அசைந்தது. "இல்ல, இல்ல" என்பதாகத்தான் இருக்க வேண்டும். தலை ஆடுவதை நோயின் ஆட்டம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

எல்லாரும் தட்டுகிறார்கள் என்று ரெபேக்காளும் முதலில் தட்டினாள். மூன்று நான்கு தட்டலுக்குப் பிறகு அவள் கை நின்றது.

அந்தக் கூடத்தில் அந்த வார்த்தைகளுக்கு அவற்றின் நேர் அர்த்தம்தான் என்று தெரிந்தவர்கள் நான்கு பேர். ஒருவருக்குக் குரல் எழவில்லை. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒருத்தியிடம் யாரும் மைக்கைக் கொடுக்கவில்லை. நான்காவது ஆள் நான். நான் தட்டிக்கொண்டிருந்தேன்.

6

(இந்த இடத்தோடு கதையை முடித்துவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். கச்சிதமாக இருக்கும் என்றார். கச்சிதமாகத்தான் இருக்கும். ஆனால் ரெபேக்காளின் ஞாயிற்றுக்கிழமை அதற்கு மறுநாள் வந்தது. அப்புறம் திங்கட்கிழமை.)

காட்சி முடிந்த இரண்டாம் மாதம் பிரபாவதிக்குப் பேச்சு அநேகமாக நின்றுவிட்டது. தாமோதரன் வீட்டைப் பூட்டிக்கொண்டு, மனைவியோடு பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். சூளை பூட்டிய வீட்டுக்குள் இருக்கிறது. ரெபேக்காளுக்கு ஒரு வழி பண்ணுகிறேன் என்ற பேச்சு, மருத்துவமனைக்கும் வீட்டுக்குமான அலைச்சலில் எங்கோ விழுந்துவிட்டது. அவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் நம்பவில்லை. ரெபேக்காளும் நம்பவில்லை. அவள் நெம்மேலிப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் படுக்கை விரிப்புகள் துவைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள்.

ஆடி மாதம், மத்தியானச் சாப்பாட்டு வேளையில், அவள் என் பள்ளிக்கு வந்து நின்றாள். கையில் மடித்த பிளாஸ்டிக் பை.

கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய பள்ளிக்கூடம். பிள்ளைகளுக்குக் களிமண் வேலை சொல்லித்தர ஆள் தேடினார்கள். கிருபாகரனின் சவாரிக்காரர் ஒருவர் சொல்லி, அவள் தன் போனில் இருந்த படங்களை எடுத்துக்கொண்டு போனாள். எல்லா நிலையிலும் படம் எடுத்து வைத்திருந்தாள், பச்சை மண்ணாக, காய்ந்து, சுட்ட பிறகு.

"பாத்தாங்க சார். நல்லா கீதேன்னாங்க. அப்பால அந்த மேடம் எழுந்து போயி அலமாரிலேர்ந்து ஒரு பொஸ்தகம் எடுத்தாந்தாங்க. உங்க பொஸ்தகம். ஒம்பதாம் பக்கத்தத் தொறந்து என் எதிரேயே படிச்சாங்க. கைகள் பிரபாவதியின் கைகள்னு. இவங்க செஞ்சதுன்னுல்லம்மா போட்டுருக்கு, நீ செஞ்சேன்றியேன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான்தான் செஞ்சேன்னு சொன்னேன். சிரிச்சாங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. அன்னிக்கு நானும் விழாக்கு வந்திருந்தேன், உங்க மேடம் எவ்ளோ பெரிய மனசோட உன்னப் பத்திப் பேசினாங்க, அத்த நெசம்னு எடுத்துக்கலாமான்னு கேட்டாங்க."

அவள் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். வெளியே பிள்ளைகள் தட்டு கழுவுகிற சத்தம். ரிசார்ட்டின் சலவைத் தூளால் அவள் விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது.

"ஐயா வூட்டுல போன் எடுக்கல. அம்மா பேசாது. உங்களாலதான் சார் முடியும். நீங்க எழுதினதத்தான அவங்க நம்புறாங்க. நான்தான் செஞ்சேன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க."

7

எழுதிக் கொடுத்தேன். அங்கேயே, பள்ளியின் வெள்ளைத் தாளில்.

இந்தத் தாளைப் பற்றி எழுதத்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. பேனாவை எடுத்ததும் தாமோதரன் என் கையைப் பிடித்தது ஞாபகம் வந்தது. பெங்களூரில் ஒரு அறையில் பேச்சில்லாமல் கிடக்கிற பிரபாவதி ஞாபகம் வந்தார். அவற்றோடு, என் பெயர் போட்டு வந்த கையேட்டுக்கு நானே மறுப்பு எழுதினால் நாளைக்கு யார் என்னை எழுதக் கூப்பிடுவார்கள் என்பதும் ஞாபகம் வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்காதீர்கள்.

'திருமதி ரெபேக்காள் சிற்பக் கலைஞர் பிரபாவதியிடம் பதினோரு ஆண்டுகள் உதவியாளராகப் பணியாற்றியவர். அவருடைய சிற்பங்களின் ஆக்கத்தில் பேருதவி புரிந்தவர்.'

அவள் தாளை வாங்கி எழுத்துக்கூட்டாமல், ஆனால் மெதுவாகப் படித்தாள். பிறகு ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

"உதவியாளர்னு போட்டுகீறீங்க."

"அது ஒரு மரியாதையான வார்த்தைதாம்மா."

"நான் ஒதவல சார். நான் செஞ்சேன். ஒதவினது அம்மா."

தாளை மேஜை மேல் வைத்தாள். கசக்கவில்லை, கிழிக்கவில்லை. என் கோப்பைக்கு அடியில் பறக்காதபடி வைத்தாள்.

எனக்கு ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது. "நான் இதை அப்படியே ஒரு கதையா எழுதறேன்மா. நடந்தது நடந்தபடி. எல்லாரும் படிப்பாங்க."

ரெபேக்காள் எழுந்து நின்று பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டாள்.

"பொய்ய கட்டுரைன்னு போட்டீங்க. நெசத்த கதைன்னு போடப் போறீங்களா?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள். மணி அடித்துவிட்டது. அவள் மூன்று மணிக்குள் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

8

முடிவுகள்.

ஒன்று. பள்ளியின் அந்த அம்மையார் தற்செயலாகப் பட்டறைப் படங்களை மறுபடி பார்க்கிறார், பெருவிரல் தடத்தைக் கவனிக்கிறார், ரெபேக்காளைத் தேடி காலனிக்குக் கார் வருகிறது. (இல்லை. கார் எதுவும் வரவில்லை.)

இரண்டு. பெங்களூரில் பிரபாவதி ஒரு நாள் திடீரென்று தெளிவாகப் பேசுகிறார். மகன் அதைப் போனில் பதிவு செய்து (இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த நோயை அருகில் பார்த்தவர்கள் மன்னிக்கட்டும்.)

மூன்று. ரெபேக்காள் கடற்கரையில் தனியாக உட்கார்ந்து ஈர மணலில் உருண்டைகள் செய்கிறாள். அலை வந்து (வேண்டாம். அவளுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை. அன்றைக்கு அவள் வீட்டில் துணி துவைக்கிறாள்.)

9

நடந்தது இது.

அவள் வந்து போன பிறகு கதை எழுத உட்கார்ந்து ஐந்து வாரம் நகரவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு அப்பால் வாக்கியம் போகவில்லை. கடைசியில் கதையை மூடி வைத்துவிட்டு, ஒரு கடிதம் எழுதினேன். 'கரை ஒதுங்கியவை' காட்சியின் இருபத்தோரு சிற்பங்களையும் செய்தவர் ரெபேக்காள். அதன் கையேட்டில், ஒன்பதாம் பக்கத்தில் நான் எழுதியது தவறு. பிரபாவதி கடற்கரைக்குப் போவதை நான் பார்த்ததில்லை, அது என் கற்பனை. ரெபேக்காள் அந்த உருண்டைகளைச் செய்ததைக் கண்ணால் பார்த்தேன், பார்த்த பிறகும் பேசாமல் இருந்தேன். இவ்வளவுதான். கீழே கையெழுத்து, முகவரி. ஒரு பிரதியைத் தாமோதரனுக்கும், ஒன்றை ஸ்வாதிக்கும், ஒன்றை அந்தப் பள்ளிக்கும் தபாலில் போட்டேன். மூலத்தை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புதுப்பட்டினத்துக்குப் போனேன்.

ஷேர் ஆட்டோக்கள் நிற்கிற இடத்தில் கிருபாகரன் இருந்தார். அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க சார். நாஸ்தா ஆச்சா? அவளுக்கு இன்னிக்கு டூட்டி போட்டுட்டாங்க. குடுங்க, நான் குடுத்துடறேன்." உறையை வாங்கிக்கொண்டு, "இதுல இன்னா எழுதிக்கீது?" என்றார்.

படித்துக் காட்டினேன். மீன்காரப் பெண்கள் கூடைகளோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர் கடைசி வரை கேட்டுவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த இஸ்கூல்ல வேற ஆளு போட்டாங்களே சார். போன மாசமே."

"தெரியாது."

"பரவால்ல. இத்த அவ வச்சிருக்கட்டும்." உறையை வண்டி ஆர்.சி. புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்தார். "இத்தினி நாளா அவ சொன்னத நான்கூடப் பாதிதான் சார் நம்பினேன். அம்மா கூட சேந்து செஞ்சிருப்பான்னு நெனச்சேன். அத்த அவகிட்ட சொல்லிடாதீங்க."

தபாலில் போட்டவற்றில் ஸ்வாதியிடமிருந்து மட்டும் பதில் வந்தது. 'இப்ப இதை ஏன் சார்' என்று ஒரு குறுஞ்செய்தி. அதற்குக் கீழே, அரை மணி நேரம் கழித்து, 'எங்கிட்ட மிச்சம் இருக்கற காப்பி எல்லாம் உங்களுக்கு அனுப்பறேன், என்ன பண்ணணுமோ பண்ணுங்க' என்று இன்னொன்று. நூற்றுப் பன்னிரண்டு பிரதிகள் வந்தன.

வியாழக்கிழமை சாயங்காலம் ரெபேக்காள் போன் செய்தாள். பின்னால் சலவை இயந்திரம் ஓடுகிற சத்தம்.

"சார், லெட்டர் படிச்சேன். ஒரு தப்பு கீது."

"சொல்லும்மா."

"இருவத்தொண்ணும் நான் செஞ்சேன்னு போட்டுகீறீங்க. ஆறாவது, அந்தச் சங்கு. கோணலா, வாய்ப் பக்கம் பிதுங்கினாப்ல இருக்குமே. அது அம்மா செஞ்சது. யாரும் புடிக்க வேணாம்னு சொல்லிட்டு, கை ஆடிகினே பதினெட்டு நாள் செஞ்சிச்சு. நான் தொடவே இல்ல. அன்னிக்குக் குழாயாண்ட ஏதோ கடுப்புல எல்லாமே நான்தான்னு சொல்லிட்டேன். அத்த மட்டும் எடுத்துடுங்க. இருவதுன்னு போடுங்க."

"மாத்திக் குடுத்தா அதை வச்சு என்னம்மா செய்வீங்க?"

இயந்திரம் நின்றது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"தெர்ல சார். மொதல்ல சரியா போடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கடிதத்தில் இருபது என்று மாற்றினேன். என்னிடம் வந்த நூற்றுப் பன்னிரண்டு பிரதிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து கையால் திருத்திவிட்டேன். மற்றவை எங்கே இருக்கின்றன என்று தெரியாது. விழாவுக்கு வந்தவர்களின் வீடுகளில், அலுவலக வரவேற்பறைகளில், பள்ளி அலமாரிகளில் இருக்கலாம். இந்தக் கதையில் மற்ற எல்லாருடைய பெயரையும் மாற்றிவிட்டேன். ரெபேக்காளின் பெயரையும், கையேட்டில் அச்சாகிவிட்ட பிரபாவதியின் பெயரையும் மட்டும் மாற்றவில்லை.

இதற்கு முடிவு எழுத எனக்கு உரிமை இல்லை. மண்ணிறத்தில் அட்டை போட்ட அந்த மெல்லிய புத்தகம் உங்கள் கையில் கிடைத்தால் ஒன்பதாம் பக்கத்தை எடுங்கள். மேலிருந்து நான்காவது வரி. பிரபாவதி என்று இருப்பதை அடித்துவிட்டு, பக்கத்திலேயே ரெபேக்காள் என்று எழுதுங்கள். பேனாவாலேயே எழுதுங்கள். ஆறாம் எண்ணில் உள்ள சங்கை மட்டும் தொடாதீர்கள், அது பிரபாவதியுடையது.